குருநகரில் ஒரு பெரிய வாரம்

2025 ஏப்ரல் 12, சனி இரவு, பஸ்ஸில்

வத்தளையில் ஏறினேன். கடைசி வரிசைச் சீற்றுத்தான் கிடைத்தது. இந்த முறை சித்திரை வருசமும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரமும் ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்ததில் வடக்குப் பக்கம் போகிற ஒரு பஸ்ஸிலும் இடமில்லை. பக்கத்தில் வவுனியா ஐயா ஒருவர், மடியில் பட்டாசுப் பெட்டி.

"தம்பி வருசத்துக்கோ?"

"இல்லை ஐயா, பாஸ்காவுக்கு."

"அது கொழும்பிலயும் இருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நித்திரையாகிவிட்டார்.

இருக்கிறதுதான். ஆனால் யாழ்ப்பாணத்துக் குருநகரில் நான் கடைசியாகப் பெரிய வாரம் பார்த்தது 1995இல், ஒன்பது வயதில். அந்த வருசம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 16. அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம், சனத்தின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். சரியாக மூன்றாம் நாள், 19ஆம் திகதி, சண்டை திரும்பத் தொடங்கியது. ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது, நாங்களும் நடந்தோம். அதற்குப் பிறகு கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் எத்தனையோ தரம் வந்துபோனேன். பெரிய வாரத்துக்கு மட்டும் வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

விடியப்புறம் இறங்கி ஓட்டோ பிடித்து மாமி வீட்டுக்குப் போனால் கதவு திறந்தே கிடந்தது. "வந்திட்டியோ தம்பி, பல்லைத் தீட்டிப்போட்டு வா, பூசைக்கு நேரம் போகுது." முப்பது வருசம் கழித்துப் பெரிய வாரத்துக்கு வந்தவனுக்கு அவ்வளவுதான் வரவேற்பு.

புனித யாகப்பர் கோவில் வாசலில் தென்னங்குருத்து குவித்திருந்தார்கள். மாமி பவனி தொடங்க முன்பே தன் ஓலையைச் சிலுவையாக மடித்து முடித்துவிட்டார். எனக்கு அந்த மடிப்பு மறந்துபோயிருந்தது. முன்னால் நின்ற ஏழெட்டு வயதுப் பெட்டை ஒன்று என் கையிலிருந்ததைப் பறித்து, "மாமா, இதை இப்பிடிக் கொண்டுவந்து உள்ளுக்குச் சொருகுங்கோ" என்று காட்டித் தந்தது.

1993 நவம்பரில் இந்தக் கோவிலின்மேல் குண்டு விழுந்து சனம் செத்தது. எனக்கு அப்போது ஏழு வயது. புகையைவிட, அதற்குப் பிறகு வெறும் வானம் தெரிந்த கூரைதான் ஞாபகம். இப்போது கூரை முழுசாய் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பீடத்துக்குப் பக்கத்தில் யூபிலி ஆண்டுப் பதாகை: 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'. மாமி என் காதுக்குள் கேட்டார்: "எதிர்நோக்கு எண்டா என்னடா? நாங்கள் படிச்சது விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்."

"நம்பிக்கைக்குத்தான் இப்ப அப்பிடிச் சொல்லுகினம் மாமி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பாத்துக்கொண்டு நிக்கிறது" என்றார். மொழிபெயர்த்தவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. பக்கத்து வீட்டுச் சைவக்கார அக்கா பொங்கல் கொண்டுவரவில்லை. ஒரு ரின் நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்து தந்தார். "உங்களுக்குத் தவக்காலம். இது கெடாது, உயிர்த்த ஞாயிறு திறவுங்கோ." மாமி அதை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். நான் வாசனையை மட்டும் பிடித்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மச்சானின் மோட்டார்சைக்கிளில் ஆனைக்கோட்டை வழியாக நவாலி. வெயில் காலை எட்டு மணிக்கே தோலை உரித்தது.

புனித பேதுருவானவர் கோவில் வளவில் ஆளில்லை. 1995 யூலை 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலிகாமத்தில் இராணுவம் முன்னேறி வருகிறது, சனம் கோவில்களில் தஞ்சமடையச் சொல்லி அறிவிப்பு. சொன்னபடியே வந்து இந்த வளவிலும் பக்கத்து முருகன் கோவிலடியிலும் மரங்களுக்குக் கீழே களைத்துக் கிடந்தவர்கள்மேல் மாலையில் விமானப்படை குண்டு போட்டது. நூறுக்கு மேல் உயிர். செஞ்சிலுவைச் சங்கம் நடந்ததை வெளியே சொன்னபோது, சொன்னதுதான் குற்றம் என்பதுபோல் அரசு அவர்களோடு கோபித்துக்கொண்டது.

அங்கே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவன் அப்போது பிறந்திருக்கவில்லை. "சைவமும் வேதமும் ஒண்டாத்தான் இஞ்ச செத்தது" என்றான். வேதம் என்றால் வேதக்காரர், நாங்கள். செத்த இடத்தில் ஒன்றாய்க் கிடந்தோம், சரி. கலியாணம் என்று வந்தால் இன்றைக்கும் யார் எந்தக் கோவில், என்ன ஆக்கள் என்று தோண்டித்தான் பார்க்கிறோம். வேதக்காரருக்குள்ளேயும் அது உண்டு. பெரிய வாரத்தில் இதையும் எழுதாவிட்டால் நான் எழுதுவது பொய்.

அங்கிருந்து சில்லாலை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருமார் இல்லை, பூசை இல்லை. ஏறக்குறைய முப்பது வருசம் சனம் அப்படியே இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேசத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வராததுமாய் வயிற்றுளைவு. நாதியற்றுக் கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார் என்பார்கள். எழும்பியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் யாருடைய கண் மாறுகிறது என்று பார்ப்பதற்கு. அப்படித்தான் மறைந்திருந்தவர்களைக் கண்டுபிடித்தார். அவரை முதலில் வைத்துக் காத்த ஊர் சில்லாலை.

2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றைக்கே மடுவுக்கும் வந்தார். மாமி அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர். "ஒரு செக்கன்தான் கண்டனான், ஆனா என்னைத்தான் பாத்தவர்" என்று இப்போதும் சொல்வார். மடுவில் அன்றைக்கு நின்ற எல்லாருக்கும் அந்த ஒரு செக்கன் இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

பகல் முழுக்கக் காய்ந்துபோய்க் கிடந்தேன். இரவு வியாகுலப் பிரசங்கம்.

தெரியாதவர்களுக்கு: ஆண்டவரின் பாடுகளைப் பற்றியது, யோசேவாஸ் அடிகளாருக்குப் பின் வந்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. கொங்கணி தாய்மொழிக்காரர் இங்கே வந்து தமிழும் சிங்களமும் படித்து, இரண்டிலும் எழுதிக் குவித்துவிட்டு 1742இல் இறந்தார். அவருடைய உரைநடையை எங்கள் ஆட்கள் வாசிப்பதில்லை, இழுத்து ராகமாய்ப் படிக்கிறார்கள். பாதி ஒப்பாரி, பாதி பிரசங்கம்.

இன்றைக்குப் படித்த ஐயாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். இளமையில் சொந்தப் படகுகள் வைத்திருந்த சம்மாட்டியாம். பிரசங்கம் முடிந்தபின் அவருடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கடதாசி மஞ்சளித்து, ஓரமெல்லாம் மெழுகு. வரிகளுக்கு இடையில் பென்சிலால் சின்னக் கோடுகள்.

"இது என்னய்யா?"

"மூச்சு எடுக்கிற இடம். என்ர அப்பா போட்டது. அவருக்குச் சுவாசம் நீளம், எனக்குக் காணாது." அப்பாவின் கோடுகளுக்கு நடுவே நீலப் பேனையால் தன்னுடைய கோடுகளைப் போட்டிருந்தார். ஒரே வரியில் அப்பா ஒரு தரம் நிற்கிறார், மகன் இரண்டு தரம்.

இடப்பெயர்வில் என்ன கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். "இதையும் ஒரு கேத்திலையும்."

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கால் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் நாலு பேர் பெண்கள். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் விதியை மாற்றிய பிறகு இங்கேயும் இது வந்திருக்கிறது. முதல் வருசம் பெரிசுகள் முணுமுணுத்தனவாம், மாமி உட்பட.

எட்டாவதாய் இருந்தவர் ஒரு தொழிலாளி. எங்கள் ஊரில் 'தொழிலாளி' என்றால் கடற்தொழில். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஷெல்லில் போய் செயற்கைக்கால். சுவாமி முழங்காலில் இருந்து வலது காலைக் கழுவித் துடைத்து முத்தி செய்தார். அடுத்தவரிடம் நகர்வார் என்று நினைத்தேன். நகரவில்லை. மற்றக் காலுக்கும் தண்ணி ஊற்றினார். பிளாஸ்ரிக் பாதத்தில் தண்ணி நிற்காமல் வழுக்கி ஓடித் தட்டத்தில் விழுந்தது. துவாயால் விரல் விரலாய்த் துடைத்தார். அந்தக் காலில் விரல்கள் வெறும் கோடுகள்தான். குனிந்து முத்தினார். கோவிலுக்குள் ஒரு இருமல்கூட இல்லை.

பூசை முடிந்து வெளியில் அந்த அண்ணை சுவாமியைப் பிடித்துக்கொண்டார். "சுவாமி, அதுக்கும் ஏன் ஊத்தினீங்கள்? உள்ளுக்க இரும்பு, துருப்பிடிச்சா ஆர் மாத்தித் தாறது?" சுவாமி சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. முற்றத்து வாங்கில் இருந்து, காலைக் கழற்றித் தலைகீழாய்ப் பிடித்து உதறி, சாரத்தால் துடைத்துத் திரும்பப் பூட்டிக்கொண்டு, இரவு ஆராதனைக்கு உள்ளே போனார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கடலுக்கு ஒருவரும் போகவில்லை. விடிய ஐந்தரைக்குச் சிலுவைப்பாதை தொடங்கிவிட்டது. தொடர்மாடிப் பக்கம் சுற்றி, கடற்கரை ஒழுங்கைகளுக்குள்ளால் பதினாலு நிலை. வீட்டு வாசல்களில் ஸ்ரூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி. மணிக்குப் பதிலாக ஒரு பெடியன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னே போனான்.

ஐந்தாம் நிலையில் மச்சானும் இன்னும் மூன்று பெடியளும் சிலுவையை வாங்கினார்கள். சீரேனே ஊர்ச் சீமோனை வழக்கமாகப் பெரிய தியாகிபோலப் பிரசங்கம் வைப்பார்கள். வேதாகமத்தில் அவன் வயலிலிருந்து தன்பாட்டில் வந்தவன். பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள். கட்டாயமாய்ப் பிடிக்கிறது என்றால் என்னவென்று இந்தச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் தோளில் ஏறிய பிறகு அவன் போட்டுவிட்டு ஓடவில்லை. மச்சான் பத்தாம் நிலைவரை மாறவேயில்லை. தோளில் தோல் உரிந்துவிட்டது. இரவு மாமி தேங்காயெண்ணெய் பூசிப் பூசி ஏசினார்.

மத்தியானம் கோவில் வளவில் கஞ்சி. பச்சையரிசி, தேங்காய்ப்பால், உப்பு. முந்தி பனையோலைப் பிளாவில் குடித்தது, இப்போது சில்வர் ரம்ளர். கஞ்சி ஊற்றிய அன்ரி ஒருவர், "அடுத்த மாசம் பதினெட்டுக்கு இதுகும் இருக்காது, வெறும் அரிசியும் உப்பும்தான்" என்றார். மே 18ஐச் சொல்கிறார். முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியை வருசாவருசம் காய்ச்சி ஊற்றுவார்கள். இந்த முறை அது பாஸ்கா காலத்துக்குள்ளேதான் வருகிறது. உயிர்ப்பிலிருந்து ஐம்பது நாள் கணக்கு முடிய முன்பு. இந்த இரண்டு கஞ்சியையும் நான் இதுவரை ஒன்றாய் யோசித்ததில்லை.

பின்னேர வழிபாடு முடிந்து, ஆசந்தியில், சவப்படுக்கையில், வைத்த ஆண்டவரின் சுரூபத்தை முத்தி செய்யக் கோவிலைச் சுற்றி வரிசை. சின்னம்மாவை அங்கேதான் கண்டேன். பாசையூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். சுரூபத்தின் காலடியில் கொஞ்சம் கூடுதலாய் நின்றார். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 19, பெரிய சனி

பகலில் கோவிலில் ஒன்றும் இல்லாத நாள். பீடம் வெறுமை.

மச்சானோடு பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி. இரண்டு பக்கமும் கடல், கரையோடு இறால் கூடுகள், காற்று ஆளைத் தள்ளுகிறது. புனித பிலிப்புநேரியார் கோவில். 2006 ஓகஸ்ட் 13 விடியப்புறம் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்தது. காயப்பட்டவர்களை யாழ்ப்பாணம் அனுப்ப ஓடித் திரிந்தவர் பங்குத் தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20, தன்னோடு வந்த உதவியாளரோடு காணாமற்போனார். இன்றுவரை இரண்டு பேரும் இல்லை. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராய் இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், 2009 மே 18ஆம் திகதி இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப் போனவர். அவரும் இல்லை. நெடுந்தீவில் பிறந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, வன்னியில் இருந்த சனத்தின் கணக்கையும் வெளியே வந்தவர்களின் கணக்கையும் கழித்துப் பார்த்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011இல் போரைப் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழுவின் முன் கேட்டார். பதில் வர முன்பே, 2021இல், ஒரு பெரிய வியாழன் அன்று, கண்ணை மூடினார்.

பின்னேரம் பாசையூர், சின்னம்மா வீடு. அவரின் மகன், என் வயதுக்காரன், 2007இல் ஊரடங்குக்கு முன்னம் பாண் வாங்கப் போனவன். சுவரில் அவனுடைய படம், மாலை போடவில்லை. செத்தவர்களுக்குத்தான் மாலை.

தேத்தண்ணி தந்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "தம்பி, கல்லறை வெறுமையா இருந்தது எண்டு எல்லாரும் சந்தோசமாப் பாடுகினம். எனக்கு அது சந்தோசமில்லை. மதலேன் மரியாள் என்ன கேட்டவ? எங்க கொண்டுபோய் வச்சனீங்கள் எண்டுதானே. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு றோட்டில நிக்கிறன்." காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், முதல் மாதமே போய் இருந்தவர் இவர். கூட இருந்த தாய்மார் பலர் மகனைக் காணாமலே செத்துப்போனார்கள். சவச் சடங்குக்கெல்லாம் இவர் போகிறார். சைவ வீடென்றால் வாய்க்கரிசிவரை நிற்கிறார். "எனக்கும் அவை வருவினம்" என்றார்.

இரவு திருவிழிப்பு. லைற் எல்லாம் அணைத்து, வாசலில் நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை வரைந்து, அகரமும் னகரமும், 2025உம் பொறித்து, காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணி குத்தினார்கள். ஒன்றிலிருந்து ஒன்றாய்ப் பற்றவைத்து வந்த வெளிச்சம் என்னிடம் ஒரு அந்நியப் பெடியனிடமிருந்து வந்தது; நான் மாமிக்குக் கொடுத்தேன், காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

காலைப் பூசைக்கு வாசலில் பொலிசும் ஆமியும். பை திறந்து பார்த்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இது பழகிவிட்டது. மாமி கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு, உள்ளே வந்ததும் சொன்னார்: "முந்தி கோவிலுக்க போங்கோ எண்டு சொல்லிப்போட்டு மேல இருந்து போட்டவை. இப்ப வாசல்ல நிண்டு காக்கினம். ஆண்டவருக்குத்தான் விளங்கும்."

பணியாரப் பேணி திறக்கப்பட்டது. சின்னம்மாவும் சாப்பாட்டுக்கு வந்தார். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, சிரிப்பு, ஊர்க்கதை. கதையோடு கதையாய்ச் சின்னம்மா ஒன்று சொன்னார். ஒரு கந்தோருக்குக் கூப்பிட்டு, மரணச் சான்றிதழ் எடுங்கோ, காசு கிடைக்கும் என்றார்களாம். "உயிரோட இருக்கிறவனை ஏன் கல்லறைக்க தேடுறியள் எண்டு கேட்டனான். அது லூக்காவில இருக்கு. மொழிபெயர்க்க நிண்ட பெடியன் அதைச் சிங்களத்தில சொல்லேல்லை." நேற்று இரவு வாசித்த அதே வசனம்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆறு வருசம். 2019இல் நான் முதல்நாள் இரவுத் திருவிழிப்புக்குப் போயிருந்ததால் ஞாயிறு காலை படுக்கையில் கிடந்தேன். அதனால் மட்டும்தான் இதை எழுதுகிறேன். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன், மூன்று ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்ட உயிர். சீயோனில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள். இன்றைக்கு காலை 8.45க்கு மாமி அடுப்பைக் குறைத்துவிட்டுக் குசினிக்குள்ளேயே இரண்டு நிமிசம் நின்றார். இறந்த கத்தோலிக்கரில் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகளாக உரோமை ஏற்றிருக்கிறது என்று கொழும்பில் கர்தினால் அறிவித்தார். நீதி கேட்டுக் கர்தினால் இன்னும் கத்துகிறார். எங்கள் சனம் முப்பது வருசமாய்க் கத்துகிறது. இரண்டு கத்தலும் ஒரே மேடையில் ஏறினால் என்ன என்று நான் கேட்பதுண்டு.

மத்தியானம் ஒன்றரை போல் மச்சான் போனை நீட்டினான். பாப்பரசர் போய்விட்டார். முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்து, நேற்றுத்தான் சனத்துக்கு ஆசீர் கொடுத்தவர். மாமி ஒன்றும் பேசவில்லை. கதிரையை எடுத்துப்போட்டு ஏறி, படத் தட்டில் மடுவில் வாங்கிய கலண்டர் படத்தைத் தேடினார். படம் கிடைத்தது, கரப்பான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. மாலை துக்க மணி அடித்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலைப் பூசையில் இருபது பேர் இருந்திருப்போம். இன்றைய நற்செய்தி, திருவழிபாட்டு நாட்காட்டிப்படி, யோவான் இருபது: மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார், என் ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்கிறார். இரண்டாம் வாங்கில் சின்னம்மா. இந்த ஒரு பூசைக்காகத்தான் வருசாவருசம் பாசையூரிலிருந்து இங்கே வருகிறாராம். வாசித்து முடியும்வரை ஒரு கையால் முன் வாங்கைப் பிடித்தபடி நிமிர்ந்தே நின்றார். மரியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வந்ததும் கண்ணை மூடினார்.

பிறகு முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கோவையைத் தந்தார். பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி, அடையாள அட்டைக் கொப்பி, லமினேற் பண்ணின படம். "கொழும்பில ஒரு கந்தோரில குடுக்கோணும். தபால்ல போட்டா கிடைக்கேல்லை எண்டுவினம். நீ கையில குடுத்து, கிடைச்சது எண்டு சைன் வாங்கு. எத்தினையாவது தரம் எண்டு கேட்டா ஏழு எண்டு சொல்லு."

இரவு பஸ். மாமி தந்த பணியாரம், இறால் கருவாடு, ஒடியல் எல்லாவற்றையும் கொண்டக்டர் மேல் தட்டில் ஏற்றினார். மடியிலிருந்ததையும் கேட்டுக் கை நீட்டினார்.

"இது இருக்கட்டும் அண்ணை" என்றேன்.